வேதத்துக்குக் கீழ்ப்படிவது என்றால் பாஸ்டர் சொல்வதையெல்லாம் கேட்பதா?

பாஸ்டர் பேச்சைத் தட்டினால் வேதத்தையே தட்டியதாக ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள் என்கிற எபிரெயர் 13:17-ஐத்தான் உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். நகையைக் கழற்றச் சொன்னார்களோ, பார்த்த வரனை வேண்டாமென்றார்களோ, எனக்குத் தெரியாது. அந்த வசனத்தை நான் மறுக்கவில்லை. அதே அதிகாரத்தின் 7-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். நடத்தினவர்களின் நடக்கை எப்படி முடிந்தது என்று சிந்திக்கச் சொல்கிறது. பெரோயா ஊர்க்காரர்கள் அப்போஸ்தலனாகிய பவுல் பேசியதையே தினமும் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. சனங்கள் தாங்களே வாசிக்க வேண்டாமென்றால், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவும் பேசத் தெரிந்த நான்தான் ஐந்து வருஷம் ஒரே ஒரு வசனத்துக்கு அடங்காமல் இருந்தேன்.

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அப்பா இறந்தபின் நாலு சென்ட் நிலத்துக்காக அண்ணன்மேல் கேஸ் போட்டேன். நியாயம் என் பக்கம்தான் என்று இன்றும் நம்புகிறேன். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் தவறியதில்லை, பைபிள் வாசிக்காமல் படுத்ததில்லை. கோயிலில் மட்டும் அண்ணன் இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் வலப்பக்கம்.

ஓர் ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குப் பிந்திப் போனேன். கூட்டம். கிடைத்த இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அதே பெஞ்சில் அண்ணன். நடுவில் ஒரு சின்னப் பையன் மட்டும். எங்கள் திருவிருந்து ஆராதனையில் காணிக்கைக்கு முன்னால் சமாதானம் கொடுப்போம். ஐயர், அதாவது எங்கள் சபை பாஸ்டர், தொடங்கி வைப்பார். இரண்டு கைகளுக்குள் கையை வாங்கி, ஆள் ஆளாகப் பெஞ்சு நெடுக வரும். அண்ணன் பையனுக்குக் கொடுத்தார். பையன் என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினான். அண்ணன் கையிலிருந்த சூடு அந்தப் பிஞ்சுக் கையில் அப்படியே இருந்தது.

அடுத்து, "சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மை" என்ற சங்கீதம் 133. வாயைத் திறக்க முடியவில்லை. காணிக்கைப் பை வந்தது. மத்தேயு 5:23, 24 சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தது. காணிக்கையை வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு. பையை அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்தேன். திருவிருந்துக்கும் எழுந்து போகவில்லை.

அன்றைக்குக் காலையிலேயே அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

"என்னடே?"

"கேஸை வாபஸ் வாங்கிருதேன்ணே."

அவர் பதில் பேசவில்லை. மதினிதான், "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

எந்த பாஸ்டரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நியாயம் பேசி வாயை அடைத்திருப்பேன். வசனத்திடம் அப்படிப் பேச முடியவில்லை.

சொத்தை விட்டு ஏமாந்தவன் என்று எழுத வருபவர்களுக்கு: நான் இழந்தது என் பங்கு, அடுத்தவர் பங்கு அல்ல. அடிக்கிற புருஷனோடு ஒப்புரவாகு என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல என் கதையை எடுக்காதீர்கள். அது வேறு, இது வேறு.

ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பீடத்தில் நின்று "அடங்குங்கள்" என்று பிரசங்கம் பண்ணுகிறவர்களே சபைத் தேர்தல் என்றதும் அணி பிரிந்து, ஆளுக்கொரு வக்கீலை வைத்து ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுகிறார்கள். நாங்கள் போடும் காணிக்கை கோர்ட்டுக்குப் போகிறது. "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்று 1 கொரிந்தியர் 6:7-இல் பவுல் கேட்டது விசுவாசிகளை மட்டுமா? அந்த வசனத்தின்மேல் ஒரு பிரசங்கம்கூட நான் இதுவரை கேட்டதில்லை. வயிறு எரிகிறது.

உங்கள் பாஸ்டர் சொன்னது எந்த வசனத்தில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். காட்டினால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். அதில் இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது அவருடைய யோசனை, அவ்வளவுதான்.

அண்ணன் இன்னும் என் வீட்டுப் படி ஏறவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு மதினி ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பினாள்.