குளத்து மீனுக்கு லேசான ஃப்ளை தூண்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல ஆண்டுகளாக ஸ்பின்னிங் கோலில் ஈயக்குண்டு கட்டி மீன் பிடித்து வருகிறேன். இப்போது குளங்களில் ஃப்ளை ஃபிஷிங் பழக ஆசை. கோல்களின் மீது 3, 4, 5 என்று எண்கள் அச்சிட்டிருக்கிறார்களே, அவை எதைக் குறிக்கின்றன? எனக்கு எது பொருந்தும்?

பதில்: நீங்கள் இதுவரை வீசியது ஈயக்குண்டை; நரம்பு அதன் பின்னால் இழுபட்டுச் சென்றது. ஃப்ளை தூண்டிலில் இது அப்படியே தலைகீழ். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்யிரைக்குத் தானாகப் பறந்து போகும் அளவுக்கு எடை கிடையாது. ஆகவே லைனையே கனமாகச் செய்து, அந்த லைனை வீசி, அதன் முனையில் இரையை அனுப்புகிறோம். கோலில் உள்ள எண், அந்தக் கோல் எந்த எடையுள்ள லைனுக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. லைனின் முதல் 30 அடியின் எடைதான் கணக்கு: 3ஆம் எண் லைனுக்கு 100 கிரெயின், அதாவது ஏறத்தாழ ஆறரை கிராம், 4ஆம் எண்ணுக்கு 120 கிரெயின், 5ஆம் எண்ணுக்கு 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம்.

ஒரே ஒரு கோல்தான் வாங்குவேன் என்றால், ஏழரை அடியிலிருந்து எட்டரை அடி வரை நீளமுள்ள 4ஆம் எண் கோலை வாங்குங்கள். உள்ளங்கை அகல ப்ளூகில் (வட அமெரிக்கச் சிறு நன்னீர் மீன்), ஜிலேபி மீன் ஆகியவற்றுக்கு 3ஆம் எண் தாராளமாகப் போதும் என்றாலும், காற்று எழும்பும் நாளில் அது கையை அலுக்க வைத்துவிடும். பெரிய வாயுள்ள பாஸ் மீனுக்காகப் பெரிய பாப்பர்களை (நீர்மேல் மிதந்து ஒலியெழுப்பும் தக்கைப் பொய்யிரைகளை) வீசுவதாக இருந்தால் 5ஆம் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள்.

கடையில் விறைப்பான கோலைக் காட்டி, தொலைவாக வீசலாம் என்று புகழ்வார்கள். குளத்தில் உங்களுக்குத் தேவைப்படும் தொலைவு பெரும்பாலும் 20 அல்லது 25 அடிதான். கணக்கில் சொன்ன 30 அடி லைன் கோலைத் தாண்டி வெளியே வருவதே அரிது. பாதி எடையை வைத்துக்கொண்டு விறைப்பான கோலை வளைக்க முடியாது, வளையாத கோல் லைனை எறியாது. எனவே நடுப்பகுதி வரை நன்றாக வளையும் மென்மையான கோலையே பாருங்கள். கண்ணாடியிழைக் கோல்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. விறைப்பான கோல் ஏற்கெனவே கையில் இருந்தால், ஓர் எண் கூடுதலான லைனைப் போட்டுப் பாருங்கள். மிதக்கும் லைன் போதும். ரீல் இங்கே லைனைச் சுற்றி வைக்கும் பெட்டி மட்டுமே. அதற்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: நான் செல்லும் குளத்தின் கரை முழுவதும் மரங்கள். பின்னால் வீசினால் ஒவ்வொரு முறையும் கிளையில் மாட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: பின்வீச்சையே விட்டுவிட்டு ரோல் காஸ்ட் பழகுங்கள். தண்ணீரில் கிடக்கும் லைனை மேலே எழுப்பாமல், கோலை மெதுவாகத் தோளுக்குச் சற்றுப் பின்னே சாய்த்து நிறுத்த வேண்டும். கோலின் நுனியிலிருந்து தொங்கும் லைன் உங்கள் தோளுக்குப் பின்னால் வில்லாக வளைந்து அசைவற்று நின்றதும், கோலை முன்னோக்கி விரைவாகக் கொண்டுவந்து, கண் உயரத்தில் வெடுக்கென்று நிறுத்துங்கள். லைன் உருண்டு விரிந்துகொண்டே போகும். தண்ணீரில் கிடக்கும் பகுதி நீரோடு ஒட்டிக்கொண்டு கொடுக்கும் பிடிப்புதான் கோலை வளைக்கிறது; புல்தரையில் பழகினால் இது சரியாக வராது.

கேள்வி: மாலையில் பாப்பர் போட்டால் மீன்கள் ஓயாமல் வந்து தட்டுகின்றன, ஆனால் பத்தில் ஒன்றுகூட முள்ளில் மாட்டுவதில்லை. வேகமாக இழுத்தும் பார்த்துவிட்டேன், தாமதித்தும் பார்த்துவிட்டேன்.

பதில்: கோளாறு பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை, பாப்பரில் இருக்கிறது. ப்ளூகில்லின் வாய் மிகச் சிறியது. அது இரையைக் கவ்வுவதில்லை, நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. மேற்பரப்பில் ‘பச்’சென்று முத்தமிடுவது போன்ற ஒலி கேட்கிறதா? அது உறிஞ்சப் பார்த்து, வாய்க்குள் கொள்ளாமல் விட்டுவிட்ட ஒலி. பாஸ் அடித்தால் தண்ணீரே உடையும். முள்ளை 10ஆம் எண்ணுக்கோ 12ஆம் எண்ணுக்கோ மாற்றுங்கள் (எண் கூடக்கூட முள் சிறிதாகும்). பிறகு பாப்பரைக் கண்ணருகே பிடித்து, தக்கை உடலுக்கும் முள்நுனிக்கும் நடுவே எவ்வளவு வெளி இருக்கிறது என்று பாருங்கள். விற்பனைக்கு வரும் பல மலிவான பாப்பர்களில் உடல் தடித்து அந்த வெளியை அடைத்துக்கொண்டிருக்கும். அதில் மீனின் உதடு நுழையவே இடமிருக்காது. பக்கவாட்டில் நீளும் ரப்பர் கால்களையும் பாதியாக வெட்டிவிடுங்கள். சின்ன மீன்கள் காலை மட்டும் பிடித்து இழுத்துவிட்டுப் போவது அப்போது குறையும்.

கையின் பங்கு என்றால், கோலின் நுனியை உயர்த்திப் பிடிக்கும் பழக்கத்தைத்தான் சொல்வேன். நுனி நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருந்தால்தான் லைன் தொய்வின்றி இருக்கும். இல்லையேல் நீங்கள் தூக்கும் முதல் இரண்டடியும் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். பாப்பர் விழுந்ததும் எழும் வளையங்கள் முழுவதும் அடங்கும்வரை அதைத் தொடாதீர்கள். பிறகு ஒரே ஒரு சிறு அசைவு, மறுபடியும் நிறுத்தம். வாங்கியது ஒலியெழுப்பத்தானே என்று ‘சளக் சளக்’கென்று இழுத்துக்கொண்டே இருந்தால், சிறிய குளத்தில் மீன்கள் கலைந்துதான் போகும்.

கேள்வி: கோடை நண்பகலில் ஒரு மீன்கூட மேலே வருவதில்லையே?

பதில்: வெயில் ஏறியதும் அவை நிழலுக்கும் ஆழத்துக்கும் போய்விடுகின்றன. எடையேற்றிய சிறு நிம்ஃபை (நீர்ப்பூச்சியின் இளம்பருவத்தைப் போன்ற, மூழ்கும் பொய்யிரையை) கட்டி, பாசி விளிம்பில் போட்டு, மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இறங்க விடுங்கள். எந்த எண்ணிக்கையில் மீன் எடுத்ததோ அதே எண்ணிக்கையை அடுத்த வீச்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தல் கையில் தெரியாது. லைனின் முனை நின்றாலோ நகர்ந்தாலோ தூக்குங்கள்.

கேள்வி: லைனின் முனையில் இரையைக் கட்டும் நரம்பான டிப்பெட்டை எவ்வளவு மெல்லியதாகப் போடுகிறோமோ அவ்வளவு நேர்மையான விளையாட்டு என்கிறார் என் நண்பர். உண்மையா?

பதில்: வெதுவெதுப்பான நீரில் இந்தக் கருத்தை நான் ஏற்க மாட்டேன். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. அதே வெப்பத்தில் மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. அறுந்துவிடுமோ என்று அஞ்சி மீனை நெடுநேரம் ஓடவிட்டு, களைத்துச் சாய்ந்ததைக் கையிலெடுத்துத் திரும்ப விட்டால், அது நீந்திப் போனாலும் பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. லேசான கோல் வளைந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். நரம்பும் நூலாக இருக்க வேண்டியதில்லை. 4எக்ஸ், அதாவது 0.18 மில்லிமீட்டர் தடிமனுள்ள டிப்பெட், ப்ளூகில்லுக்குப் போதுமானது. பாசியடர்ந்த குளத்தில் அதைவிடச் சற்றுத் தடித்த 3எக்ஸ் போடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. பாப்பருக்கு நைலானே நல்லது, ஃப்ளூரோகார்பன் மூழ்கும். முள்நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள்; மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரையோரத்தில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரிகின்றன. அங்கே எதைப் போட்டாலும் மீன் பாய்கிறது. அங்கே பிடிப்பது சரியா?

பதில்: அவை முட்டையிடும் குழிகள். ப்ளூகில்லில் ஆண் மீன்தான் கூட்டம் கூட்டமாகக் குழி பறித்து, முட்டைகளின் மேல் வாலால் நீரை வீசிக்கொண்டு காவல் நிற்கும். அது பாய்வது பசியால் அன்று, வந்தவரை விரட்டுவதற்காக. காவலன் இல்லாத சிறிது நேரத்துக்குள் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். பெரிய ஆண்களையே பொறுக்கியெடுத்துக்கொண்டு வந்தால், எஞ்சிய ஆண்கள் சிறு வயதிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கி, வளர்ச்சி குன்றிப்போவதும் உண்டு. ஜிலேபி வகைகள் பலவற்றில் ஆண் குழியைப் பறித்தாலும் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பது பெண். பிடிபட்டால் அச்சத்தில் அவற்றை உமிழ்ந்துவிடும்.

ஆகவே குழிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு அப்பால் ஆழம் தொடங்கும் விளிம்பில் நிம்ஃபைப் போடுங்கள். குழிக்குச் செல்லக் காத்திருக்கும் மீன்களும், வந்து திரும்பும் மீன்களும் அங்கேதான் உலவும். உணவுக்கு எடுப்பதாக இருந்தால் நடுத்தர அளவுள்ளவற்றை எடுத்துக்கொண்டு, பெரிய ஆண்களைக் குளத்திலேயே விட்டுவிடுங்கள்.