ஐ.பி.எஸ். என்கிறார் டாக்டர், மண்ணீரல் என்கிறார் அக்குபஞ்சர் பார்ப்பவர்: எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: வயது 31. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். காலையில் வயிற்றைப் பிசைந்துகொண்டு மூன்று நான்கு முறை போகிறது. போனதும் வலி குறைகிறது. டெஸ்ட் எல்லாம் நார்மல், ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்கிறார் டாக்டர். புதுச்சேரியில் அக்குபஞ்சர் பார்ப்பவரோ, "கல்லீரல் மண்ணீரலை அடக்குகிறது" என்கிறார். லிவர் ஸ்கேன் எடுக்கவா? பஸ் ஏறும் முன் பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்:

இந்தக் காரணத்துக்காக ஸ்கேன் எடுக்க வேண்டாம். சீன மருத்துவத்தில் கல்லீரல் என்றால் கோபம், கவலை, மன அழுத்தம் எல்லாவற்றோடும் சேர்ந்த ஓர் இயக்கம். மண்ணீரல் என்றால் சாப்பாட்டைச் செரித்து உடம்புக்குச் சேர்க்கும் இயக்கம். நம் உடம்பில் விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் ரத்தத்தை வடிகட்டுகிறது, அதற்குச் செரிமானத்தில் வேலையே இல்லை. அவர் சொன்னது ஸ்கேனில் தெரியும் உறுப்பைப் பற்றி அல்ல. அதை அவர் உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும்.

எனக்கும் இதே வகைதான், வயிற்றுப்போக்கு ஐ.பி.எஸ். பல வருடமாக இருக்கிறது. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று அந்த ரோட்டில் எந்த இடத்தில் இறங்கினால் கழிப்பறை கிடைக்கும் என்று மனக்கணக்கு போட்டபடியே பயணம் செய்வது எப்படி இருக்கும் என்று தெரியும். வீட்டில் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லியிருப்பார்கள். பிரமை இல்லை. குடலுக்குள் சின்ன பலூனை வைத்து ஊதிப் பார்த்த ஆய்வுகளில், மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாத அளவு விரிவிலேயே ஐ.பி.எஸ். உள்ளவர்கள் பலருக்கு வலித்தது. குடலுக்குத் தனி நரம்பு வலை உண்டு, மூளையோடு இரண்டு பக்கமும் பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சு தடுமாறிப்போனதுதான் இந்த நோய். குடலில் புண்ணோ கட்டியோ இல்லாததால் டெஸ்ட் நார்மல் என்று வருகிறது. குடல் தொற்றால் வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது தொடங்குவதும் உண்டு. எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

ஐ.பி.எஸ்.-ஐக் கண்டறிய நிபுணர்கள் வகுத்து 2016-ல் வந்த ரோம் 4 வரையறையின்படி, கடந்த மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புள்ளதாக இருப்பது, போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது, இந்த மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வது இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. நம் ஊரில் குடல் காசநோயும் ஜியார்டியா, அமீபா தொற்றும் இதே வேஷத்தில் வரும். ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான டெஸ்ட் மூன்றும் முடிந்திருக்கிறதா என்று ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

சரி, சீன மருத்துவத்துக்கு வருவோம். அதில் ஐ.பி.எஸ். என்ற தனி நோய் கிடையாது. வயிற்று வலி, கழிச்சல், மலச்சிக்கல் என்று அறிகுறிகளைத்தான் பிரிக்கிறார்கள். உங்களுக்குச் சொன்னது ‘மரம் மண்ணை அடக்குகிறது’ என்ற சீனப் பஞ்சபூதக் கணக்கு (அதில் மரமும் ஒரு பூதம்): கல்லீரல் மரம், மண்ணீரல் மண். கவலைப்பட்டதும் வலி, உடனே கழிச்சல், கழித்ததும் நிம்மதி என்ற வரிசைக்கு ‘தோங் ஸியே யாவ் ஃபாங்’ என்று நான்கு மூலிகைச் சேர்க்கையே வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பியோனி வேரும் ஆரஞ்சு வகைத் தோலும் அதில் உண்டு. விடியற்காலையில் மட்டும் வரும் கழிச்சலைத் தனி வகையாக வைத்து வேறு மருந்து தருகிறார்கள். இந்தக் கவனிப்பு எனக்கு உண்மையாகவே பிடிக்கும். மன உளைச்சலையும் குடலையும் இவர்கள் என்றைக்கும் பிரித்துப் பார்க்கவில்லை.

மருந்து வேலை செய்கிறதா என்றால் பதில் கலவையாகத்தான் இருக்கிறது. 1998-ல் ஆஸ்திரேலியாவில் 116 பேரிடம் நடந்த ஆய்வில் சீன மூலிகை எடுத்தவர்கள், ஒப்பிடுவதற்காகத் தரும் மருந்தில்லாத போலி மருந்து எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் பலன் நீடித்தது, ஆளுக்கு ஏற்ப மருந்து கலந்து கொடுக்கப்பட்டவர்களுக்குத்தான். 2006-ல் ஹாங்காங்கில் வயிற்றுப்போக்கு வகைக்காரர்கள் 119 பேரிடம் நடந்த ஆய்விலோ போலி மருந்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஊசி விஷயத்தில், குத்துவதுபோல் பாவனை செய்யும் போலி அக்குபஞ்சரைவிட உண்மையானது மேல் என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012 காக்ரேன் தொகுப்பாய்வில் தெரியவில்லை.

ஆனால் இன்னொரு ஆய்வை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2008-ல் அமெரிக்காவில் 262 ஐ.பி.எஸ். நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம். போலி ஊசி மட்டும் போட்டவர்களில் 44. அதே போலி ஊசியோடு, வைத்தியர் உட்கார வைத்து அன்பாகப் பேசி, காது கொடுத்துக் கேட்ட நோயாளிகளில் 62. கேட்பதே பாதி வைத்தியமாக வேலை செய்திருக்கிறது. ஓ.பி.யில் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதித் தரும் டாக்டரிடம் கிடைக்காத ஒன்று, அரை மணி நேரம் நாடி பிடித்து நாக்கைப் பார்த்து விசாரிக்கும் அந்த அக்குபஞ்சர் பார்ப்பவரிடம் உங்களுக்குக் கிடைத்திருக்கலாம். அதனால் சுகமாக இருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். ஊசி புதிதாகப் பிரித்ததா என்று மட்டும் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூலிகைப் பொட்டலம் மட்டும் வேண்டவே வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இன்னொன்று மாறிப்போய்ப் பல பெண்களின் சிறுநீரகமே செயலிழந்தது.

எனக்கு அதிகம் உதவியது சமையலறைதான். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ‘ஃபாட்மேப்’ (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதிக்கும் சில வகைச் சர்க்கரைகள்) குறைந்த உணவு முறை நம் சமையலுக்கு ஒத்துவராது என்று பலர் நினைக்கிறார்கள். அரிசி அதில் தாராளமாக உண்டு. வெங்காயம், பூண்டு, பருப்பு, கொண்டைக்கடலை, கோதுமை, பால், மாம்பழம், நம் பண்ருட்டி முந்திரி, இவைதான் சிக்கல். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பூண்டில் வயிற்றைக் கலக்கும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டை முழுதாகப் போட்டு, சிவந்ததும் கரண்டியால் அரித்து எடுத்துவிட்டால் அந்த எண்ணெயில் வாசனை இருக்கும், தொல்லை இருக்காது. ரசத்தில் தட்டிப் போட்டுவிட்டு அப்புறம் பொறுக்கி எடுப்பதில் பிரயோஜனம் இல்லை, அது ஏற்கெனவே கரைந்துவிட்டது. பருப்புத் தண்ணீர் ரசமும் அப்படித்தான்: பருப்பின் சர்க்கரையில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி போதும். இதையெல்லாம் நான்கிலிருந்து ஆறு வாரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். எனக்கு வெங்காயமும் முந்திரியும் ஆகாது, பருப்பு ஆகும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கலாம். ஆயுள் முழுக்க எல்லாவற்றையும் ஒதுக்கிச் சாப்பிட்டால் சத்துக் குறைவுதான் மிஞ்சும்.

வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டுப் பஸ் பிடிப்பதை விடுங்கள், காபி பெருங்குடலை முடுக்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இசப்கோல் உமியைக் கொஞ்சமாக ஆரம்பித்து நிறையத் தண்ணீரோடு எடுங்கள். கோதுமைத் தவிடு வேண்டாம், சிலருக்கு உப்புசத்தைக் கூட்டும். இவ்வளவு செய்தும் வலி விடவில்லை என்றால் மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் குறைந்த அளவில் எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 2023-ல் வந்த இங்கிலாந்து ஆய்வில் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை கொடுத்ததில் போலி மருந்தைவிட நல்ல பலன் தெரிந்தது. மனநோய் மாத்திரை தருகிறார்களே என்று பதற வேண்டாம், இந்த அளவில் அது குடல் நரம்பின் வலியைத் தணிக்கத்தான்.

லோப்பரமைடு: டாக்டர் சரி என்றால் முக்கியமான பயண நாளில் புறப்படும் முன் ஒன்று போட்டுக்கொள்ளலாம். போக்கை நிறுத்தும், வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. காய்ச்சலோ ரத்தமோ இருக்கிற நாளில் தொடவே கூடாது. தினமும் அது இல்லாமல் பஸ் ஏற முடியவில்லை என்ற நிலை வந்தால், மாத்திரையைக் கூட்டாதீர்கள், மறுபடி டாக்டரைப் பாருங்கள்.