டூரிங் பைக்குக்கு உயரம் மாற்றக்கூடிய விண்ட்ஷீல்டு வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உங்களுக்குத் தொந்தரவு எது என்று பாருங்கள். நெஞ்சில் அறையும் காற்றா, தலை உதறலா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எனக்கு இருந்தது தலை உதறல். 90 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஹெல்மெட்டை யாரோ பிடித்து ஆட்டுவது போல இருக்கும். அரை நாள் ஓட்டினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். உயரம் கூட்டினால் சரியாகும் என்று நம்பி, பழையதைவிட நான்கு அங்குலம் உயரமான ஒன்றை மாட்டினேன். உதறல் இன்னும் மோசமானது.

ஏன் என்பது பிறகுதான் புரிந்தது. விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு. அதை நிரப்ப, மேல் விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்று உள்ளே மடங்குகிறது. அந்தச் சுழல் ஹெல்மெட்டில் அடிப்பதைத்தான் பஃபெட்டிங் என்கிறோம். அடிப்பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டால் கீழிருந்து காற்று புகுந்து அழுத்தத்தைச் சமன் செய்யும், உதறல் நன்றாகக் குறையும். அதனால் உயரத்தோடு சாய்வையும் இந்த இடைவெளியையும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் உயரத்தைவிட இவை இரண்டும்தான் முக்கியம். மேட்ஸ்டாட் நிறுவனத்தின் பிராக்கெட்டுகள் (விண்ட்ஷீல்டை வண்டியோடு பிடித்து நிறுத்தும் தாங்கிகள்) இந்த யோசனையில் செய்யப்பட்டவை. எம்ஆர்ஏ நிறுவனத்தின் வேரியோ விண்ட்ஷீல்டில், மேல் விளிம்பில் நகர்த்தக்கூடிய சின்ன ஸ்பாய்லர், அதாவது காற்றைத் திருப்பிவிடும் தகடு, இருக்கும்.

பணம் போடும் முன் ஒரு சோதனை. வண்டி இல்லாத நேரான சாலையில், வழக்கமான வேகத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள், பிறகு நிமிர்ந்து பாருங்கள். குனிந்தால் அமைதி என்றால் உயரம் தேவை. நிமிர்ந்தால் அமைதி என்றால் இருப்பதைத் தாழ்த்த வேண்டும். உயரம்தான் தேவை என்று தெரிந்தால் ஜிவி, பியூக் போன்றவர்கள் விற்கும் கிளிப் ஸ்பாய்லரை இருப்பதன் மேல் மாட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

மேல் விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்தில் நிற்கட்டும். பார்வை அதற்கு மேலே போக வேண்டும், அதன் வழியாக அல்ல. இரவு மழையில் எதிர் வண்டியின் வெளிச்சம் விண்ட்ஷீல்டில் சிதறும்போது இதன் அருமை தெரியும்.

பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனால் மேலே கடினப் பூச்சு இல்லாவிட்டால் சீக்கிரம் கீறல் விழும். அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும், விழுந்தால் விரிசல் விடும். எதுவானாலும் அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம். ஈரத்துணியை ஐந்து நிமிடம் போர்த்தி, பூச்சிக் கறை ஊறியதும் துடையுங்கள்.

அப்புறம், மாட்டியதும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி எங்காவது இடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு திருகுகளை மறுபடி முடுக்குங்கள், அதிர்வில் தளரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய இடத்தை மார்க்கரால் குறித்து வையுங்கள். எனக்குச் சரியான இடம் கிடைக்க நான்கு ஓட்டம் ஆனது. இப்போது என் விண்ட்ஷீல்டு அந்த உயரமானதைவிடத் தாழ்வாக, அடியில் இரண்டு விரல் இடைவெளியோடு நிற்கிறது. கழுத்து வலி இல்லை.