புரதமும் பிணைப்புகளும்: கேள்வி பதில்

கேள்வி: முட்டையை வேகவைத்தால் பிணைப்புகள் உடைந்து சத்து போய்விடுமா?

போகாது. புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. அவற்றைக் கோத்திருக்கும் பெப்டைடு பிணைப்பு கொதிநீரில் அறுந்துவிடாது. அவிழ்வது மடிப்புதான், அதாவது சங்கிலி சுருண்டு எடுத்திருக்கும் வடிவம். மடிப்பு அவிழ்வது வேறு, சங்கிலி அறுவது வேறு. பச்சை முட்டையைவிட வெந்த முட்டைதான் நன்றாகச் செரிக்கும்.

கேள்வி: புரதத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது டைசல்பைடு பிணைப்புதானே? (கல்லூரி மாணவி)

இல்லை, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியில் 124 அமினோ அமிலங்கள், அவற்றில் 8 சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்), அவற்றின் கந்தகங்கள் இரண்டிரண்டாக இணைந்து 4 டைசல்பைடு பிணைப்புகள். அமெரிக்க வேதியியலாளர் அன்ஃபின்சன் அதை மடிப்பை அவிழ்க்கும் யூரியாவில் போட்டு, மெர்காப்டோஎத்தனாலால் நான்கையும் திறந்தார். இரண்டையும் நீக்கிக் காற்றுப்பட விட்டதும் நொதி தானாக மடிந்து மறுபடி வேலை செய்தது. யூரியா இருக்கும்போதே பிணைப்புகளைச் சேரவிட்டால்? 8 சிஸ்டீன்கள் ஜோடி சேர 105 வழிகள் உண்டு. தப்பான ஜோடிகள் சேர்ந்து நொதி முடங்கிப்போனது. ஆக, சரியான ஜோடியைத் தேர்ந்தெடுப்பது மடிப்பு. டைசல்பைடு அதற்குப் போடும் பூட்டு. இந்த வேலைக்காகத்தான் 1972இல் அவருக்கு நோபல் பரிசு.

கேள்வி: பாலில் எலுமிச்சை பிழிந்தால் பிணைப்பு உடைகிறதா?

சங்கிலி அறுவதில்லை. பாலின் புரதமான கேசீன் துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னூட்டம் அமிலத்தால் குறைகிறது, அவை திரள்கின்றன.

கேள்வி: மடிப்புக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் (ஹைட்ரஜன் வழியே உண்டாகும் வலுக்குறைந்த ஈர்ப்பு) இருக்கின்றன. அவிழ்ந்த புரதம் நீரோடு அதே பிணைப்புகளைப் போட்டுக்கொள்ளுமே. மடிவதில் என்ன லாபம்?

நல்ல கேள்வி. லாபத்தின் பெரும்பகுதி நீரிலிருந்து வருகிறது. எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் உள்ளே ஒதுங்கினால் அவற்றைச் சூழ்ந்திருந்த நீர் விடுபடும், அதுதான் லாபம். 1959இல் வேதியியலாளர் காஸ்மன் இதை அழுத்தமாக எடுத்துச் சொன்னார். திமிங்கிலத்தின் தசைப் புரதமான மயோகுளோபினில் டைசல்பைடு பூட்டுப் போட ஒரு சிஸ்டீன்கூட இல்லை, ஆனாலும் கச்சிதமாக மடிகிறது.

கேள்வி: மைக்ரோவேவில் சூடாக்கினால் பிணைப்பு உடையுமா?

முதல் பதிலே இதற்கும். மடிப்பு வேறு, சங்கிலி வேறு. கேட்பதற்கு முன் மேலே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: இன்சுலினை ஃப்ரீசரில் வைக்கலாமா?

கூடாது. உறைந்துபோனதைப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். அதன் 3 டைசல்பைடு பிணைப்புகள் அப்படியே இருந்தாலும் மூலக்கூறுகள் திரண்டு மருந்தின் பயன் குறையலாம். மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நீர் பற்றிக் கேட்டவன்தான். அப்போது ஹைட்ரஜன் பிணைப்பு வீணா?

அப்படிச் சொல்லவே மாட்டேன். ஹைட்ரஜன் பிணைப்பு போடக்கூடிய ஒரு முனை உள்ளே புதைந்து, அதற்கு ஜோடி கிடைக்காவிட்டால் சில கிலோகலோரி நஷ்டம். சாதாரணப் புரதத்தின் மொத்த உறுதியே மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். இரண்டு மூன்று முனைகள் தனித்து நின்றாலே மடிப்பு ஆட்டம் காணும்.

கேள்வி: சரி, உறுதி குறையாமலே செயல் கெடுமா?

கெடும். அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலம் வாலினாக மாறுகிறது. மடிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் வெளியே தெரியும் வாலினின் எண்ணெய்த்தன்மை, ஆக்சிஜனை விட்ட பிறகு பக்கத்து மூலக்கூறில் போய் ஒட்டி, நீண்ட இழையாகி, சிவப்பணுவையே வளைத்துவிடுகிறது.