பொட்டலமும் சட்டமும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கஞ்சாவைப் பற்றியவை. வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து எழுதியிருக்கிறீர்கள். பல வருடமாக இந்த வழக்குகளில் ஆஜராகி வருகிறேன். பெற்றோர்களின் பயத்தைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் இவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கஞ்சா ஒரு காலத்தில் லைசென்ஸ் கடையில் விற்றது என்கிறார் தாத்தா. அப்புறம் ஏன் தடை செய்தார்கள்? (கல்லூரி மாணவர், காட்பாடி)

தாத்தா சொல்வது உண்மை. வெள்ளைக்காரர்கள் வரி போட்டு, உரிமம் கொடுத்து விற்க விட்டார்கள். இதனால் மக்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்ததும், 1893-ல் ஏழு பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். அது நாடு முழுக்கச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தது. 1894-ல் வந்த அறிக்கை, அளவாகப் பயன்படுத்துவதால் பெரிய கெடுதல் இல்லை, தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது.

தடை வெளியிலிருந்து வந்தது. 1925 ஜெனீவா மாநாட்டில் எகிப்து வற்புறுத்தியதால் கஞ்சா சர்வதேச ஒப்பந்தத்துக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் ஹாரி ஆன்ஸ்லிங்கர் என்ற போதைத் தடுப்பு அதிகாரி, மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் மீதும் கறுப்பின மக்கள் மீதும் இருந்த வெறுப்பைப் பயன்படுத்தி, கஞ்சா குடித்தால் கொலை செய்வார்கள் என்று பீதி கிளப்பினார். 1937-ல் சட்டம் வந்தது. அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் பிரதிநிதி உட்வர்ட், ஆதாரம் எங்கே என்று எதிர்த்துக் கேட்டும் பயனில்லை. 1961 ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா வாதாடி இலையை மட்டும் வெளியே வைத்தது. பூவுக்கு 25 வருட அவகாசம்தான் கிடைத்தது. அந்த அவகாசம் முடியும் முன்பே, 1985 நவம்பர் 14-ல், இன்று நாம் நீதிமன்றத்தில் கையாளும் என்.டி.பி.எஸ். என்ற மத்திய போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது.

ஆக, தடையின் பின்னால் மருத்துவத்தை விட அரசியல்தான் அதிகம். அதற்காகப் பொருள் நல்லது என்று ஆகிவிடாது. தம்பி, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் தம்பி மகனை 60 கிராம் கஞ்சாவுடன் பிடித்துவிட்டார்கள். பத்து வருடம் ஜெயில் என்று ஊரே சொல்கிறது. உண்மையா? (ஆம்பூர்)

இல்லை. பத்து வருடப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், சட்டம் எடையைப் பார்த்துத் தண்டனையைப் பிரிக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கு அதிகபட்சம் ஒரு வருடச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. அதற்குத்தான் குறைந்தது 10 வருடம், அதிகபட்சம் 20, கூடவே ஒன்று முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ஜாமீனும் லேசில் கிடைக்காது. நடுவில் இருப்பதற்கு 10 வருடம் வரை போகலாம். உங்கள் பையன் முதல் வரிசையில் இருக்கிறான்.

எடை என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப் பகுதி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் கணக்கில் வராது. ஒரு வழக்கில் 21 கிலோ என்று எழுதியிருந்த மூட்டையை நானே பார்த்தேன். அரக்கு முத்திரையை உடைத்துச் சாக்கைப் பிரித்ததும் காய்ந்த வைக்கோல் வாசனை. கையில் அள்ளினால் பாதி தண்டும் சருகும். அந்தத் தண்டு ஒரு கிலோ இருந்தால் போதும், ஒரு மனிதனின் பத்து வருடம் மாறிவிடும். மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில் முறையாக நடந்ததா என்பதை உங்கள் வக்கீல் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு மனம் ஆறாத விஷயம் இது. ஆந்திரா–ஒடிசா மலைப்பகுதியிலிருந்து ரயிலில் காட்பாடிக்கு வரும் பையைச் சுமந்து வந்து மாட்டுகிறவன் கூலிக்கு வந்தவனாகவே இருக்கிறான். பையை அனுப்பியவனை நான் குற்றவாளிக் கூண்டில் பார்த்தது அபூர்வம்.

கஞ்சா இலையில் செய்யும் பாங்கைக் காசியில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே விற்கிறார்கள். யாத்திரை முடிந்து வரும்போது கொஞ்சம் கொண்டு வரலாமா? (வாலாஜா)

வேண்டாம் ஐயா. மத்தியச் சட்டம் இலையை விட்டுவிட்டதால் உத்தரப் பிரதேசம் அதை விற்க அனுமதிக்கிறது. நம் மாநிலத்தின் 1937 மதுவிலக்குச் சட்டம் பாங்கையும் போதைப்பொருளாகவே வைத்திருக்கிறது. ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939-ல் நம் வட ஆற்காட்டுக்கு வந்தது, அதே சட்டம்தான். காசியில் கொடுத்த ரசீதைக் காட்டினாலும் இங்கே எடுபடாது.

கிரிவலப் பாதையில் சாமியார்கள் சிலும்பியில் கஞ்சா பிடிக்கிறார்களே, அவர்களுக்கு விலக்கு உண்டா? (திருவண்ணாமலை)

கிடையாது. காவி கட்டியவருக்கும் அதே பிரிவுதான்.

கனடா, ஜெர்மனியெல்லாம் அனுமதித்துவிட்டன. நாமும் சட்டபூர்வமாக்கினால் வருமானமாவது வருமே? (மென்பொருள் ஊழியர், ராணிப்பேட்டை)

கனடா 2018 அக்டோபரில் கடைகளையே திறந்தது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் வயது வந்தவர் வெளியே 25 கிராம் வரை வைத்திருக்கலாம் என்றது. தாய்லாந்தையும் சேர்த்துப் பாருங்கள். 2022-ல் தடையை நீக்கினார்கள், தெருவுக்குத் தெரு கடை முளைத்தது, 2025-ல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பப் பூட்டினார்கள்.

வருமானக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. 2003-ல் மதுச் சில்லறை விற்பனையை அரசு கையில் எடுத்ததிலிருந்து, அந்த வருமானத்துக்கு எந்த வீடுகள் விலை கொடுக்கின்றன என்பதை இந்த ஊரில் எல்லோரும் பார்க்கிறோம். இன்னொரு கடையைத் திறக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. கஞ்சா குடிக்கிறவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கினால் ஆபத்து இன்னும் கூடுதல். மனநோய் வரும் இயல்புள்ள பையன்களுக்கு இது நெருப்பில் எண்ணெய்.

அதே சமயம், குடித்த குற்றத்துக்காக ஒரு பையனை ஜெயிலுக்கு அனுப்புவதையும் நான் ஏற்கவில்லை. உள்ளே போய் அவன் கற்றுக்கொண்டு வருவது வியாபாரத்தை. விற்பவன் மீது சட்டம் இருக்கட்டும், குடிப்பவனை மருத்துவரிடம் அனுப்புங்கள். இதுதான் என் கட்சி. சட்டத் திருத்தம் என்று ஒன்று வந்தால் இதிலிருந்து தொடங்க வேண்டும்.

மருந்துக்கு? (சித்த மருத்துவ மாணவி)

மருந்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது. மருத்துவ, அறிவியல் பயன்பாட்டை அரசு அனுமதியோடு செய்ய இந்தச் சட்டமே வழி விட்டிருக்கிறது. செடியில் உள்ள சி.பி.டி. என்ற பொருளைக் கொண்டு செய்த வலிப்பு மருந்துக்கு 2018-ல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. வாக்கெடுப்பு நடந்தபோது, மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27 நாடுகள் வாக்களித்தன. இந்தியாவும் அதில் ஒன்று. உரிமம் உள்ள தயாரிப்பில் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டுத் தொட்டியில் ஒரு செடி வைத்தாலும் அது சாகுபடிக் குற்றம்.

மகனின் காலேஜ் பையில் சிறு பொட்டலம் கிடைத்தது. அவன் அப்பாவுக்குத் தெரியாது. போலீசுக்குப் போக பயமாக இருக்கிறது. என்ன செய்வது? (ஒரு தாய், குடியாத்தம்)

அம்மா, போலீசுக்குப் போகாமலே வழி இருக்கிறது. சட்டத்தின் 64ஏ பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கு போட முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். இந்தப் பிரிவைச் சொல்லி எந்தப் பெற்றோரும் என்னிடம் முதலில் வந்ததில்லை, எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள்.

இன்று இரவே அவனை அடித்து விசாரிக்காதீர்கள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் காட்டப் போகவும் வேண்டாம். 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும், பேசுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவனைக் கூட்டிப் போங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அவன் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஆள் வாயால் கேட்டால் முதல் அடி அவனுக்குத்தான் விழும்.