தம்பியின் கால் வீக்கம்: நீவி விடலாமா?

கார் இடித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ராடு வைத்து ஆறு வாரமான தம்பிக்குச் சாயங்காலம் பாதம் வீங்குகிறது, எண்ணெய் போட்டு நீவலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நீவாதீர்கள். காலைத் தொங்கப் போட்டால் வீங்குவதும், தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடிவதும் இந்தக் கட்டத்தில் சகஜம்தான். ஆனால் கெண்டைக்கால் சதை இறுகி, சூடாக, தொட்டாலே வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், நீவும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கக்கூடும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி டாப்ளர் ஸ்கேன் (காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.

எனக்கும் இதே ராடுதான். வலி தாங்காமல் பிசியோதெரபியை இரண்டு வாரம் விட்டேன், முழங்கால் இறுகிப்போய், அப்புறம் குதிகாலுக்கடியில் துண்டை வைத்துக் கட்டிலில் அங்குலம் அங்குலமாக இழுத்து மடக்கித்தான் சரியானது. தம்பி பிசியோதெரபியை நிறுத்த விடாதீர்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தட்டும், எலும்பு கூடுவதை அது தள்ளிப்போடும்.

சரி, இன்னொன்று. நஷ்டஈட்டு மனுவுக்குச் சட்டத்தில் விபத்து நாளிலிருந்து 6 மாதம்தான், வக்கீலை இப்போதே பாருங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, பில், எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள்.