அலுவலக ஆரோக்கியத் திட்டம்: பெங்களூரு தமிழர்கள் கேட்டவையும் பதில்களும்

ஒயிட்ஃபீல்டு, ஹெச்ஆர்: மேடம், 400 பேர் வேலை பார்க்கிற ஐடி கம்பெனி. ஆரோக்கியத் திட்டம் தொடங்கச் சொல்லியிருக்காங்க. ரத்தப் பரிசோதனை முகாமிலிருந்து ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். சர்க்கரை கூடுதல் என்று தெரிய வந்தவரை அடுத்து எந்த மருத்துவர், எந்த வாரம் பார்ப்பார் என்று எழுதி வைத்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும்.

முதல் மாதம் ஒரு இஞ்ச் டேப்பும் ஒரு தாளும் போதும். சென்னையில் நீரிழிவு மருத்துவர் டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைப் பயன்படுத்துங்கள். நான்கே விஷயங்கள்: வயது (35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30), இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்பது. மொத்தம் 100. இதில் 60-ம் அதற்கு மேலும் வந்தவர்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரை எச்சரிக்கை நிலை. 126-ஐத் தொட்டால் நீரிழிவு, ஆனால் இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

தவறு நடப்பது இடுப்பை அளக்கும்போதுதான். பேன்ட் பெல்ட் போடும் இடத்தில் அளக்கிறார்கள். தொப்பை அதற்கு மேலே இருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

தனிநபர் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வரவே கூடாது. லேபிலிருந்து நேராக ஊழியருக்குப் போகட்டும். உங்களுக்கு மொத்தக் கணக்கு மட்டும். 10 பேருக்குக் குறைவான டீம் என்றால் அதையும் வாங்காதீர்கள். யார் என்று ஊகித்துவிடலாம்.

பீன்யா, பாதுகாப்பு அலுவலர்: பிபி முகாம் வெச்சோம். பாதிப் பேருக்கு அதிகம்னு வந்துது. மெஷின் கோளாறா?

மெஷினைச் சரிபாருங்கள், ஆனால் அளந்த விதத்தை முதலில் பாருங்கள். டீ, சிகரெட் முடிந்து 30 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை இதய மட்டத்தில். பருத்த கைக்கு மெஷினின் சின்னப் பட்டையை (கஃப்) கட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். இரண்டு அளவுப் பட்டைகள் வைத்திருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். 140/90 தாண்டினால் இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். 180/110 தாண்டினால் அன்றே மருத்துவர். கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஆம்புலன்ஸ்.

கோரமங்களா: 10,000 ஸ்டெப் போட்டிக்கு எந்த ஆப் நல்லது?

10,000 என்பது 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்த எண். மருத்துவ எல்லை அல்ல. போட்டிக்குப் பதில் வாரம் 150 நிமிட மிதமான நடை என்று வையுங்கள், ஆப் எதுவானாலும் சரி.

எலக்ட்ரானிக் சிட்டி, நிதிப் பிரிவு: ஆரோக்கியத் திட்டத்துல 1 ரூபாய் போட்டா 3 ரூபாய் திரும்பும்னு அதை விற்கிற வெண்டர் சொல்றார். நம்பலாமா?

அந்தக் கணக்கின் வேர் 2010-ல் அமெரிக்காவில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு: 1 டாலருக்கு மருத்துவச் செலவில் 3.27 டாலர் மிச்சம் என்றது. அதை எழுதியவர்களில் இருவரான கேத்தரின் பெய்க்கரும் ஸிருயி சாங்கும் எந்தக் கிளையில் திட்டம் என்று குலுக்கிப் போட்டுச் செய்த ஒரு பெரிய சோதனையை 2019-ல் வெளியிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் 160 கிளைகள், ஏறக்குறைய 33,000 ஊழியர்கள். 18 மாதம் கழித்து, உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையும் இதையே காட்டியது. தானாக முன்வந்து சேருகிறவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள். அவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

ஹெச்எஸ்ஆர் லேஅவுட், திட்டங்கள் விற்பவர்: மேடம், அது அமெரிக்கா. இங்க 35 வயசுலயே சர்க்கரை வருது, பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. கண்டுபிடிச்சா லாபம் இல்லையா?

ஊழியருக்கு லாபம், சந்தேகமே இல்லை. அதற்காகத்தான் மேலே அந்த மதிப்பெண்ணைச் சொன்னேன். நான் மறுப்பது உங்கள் 3 ரூபாயை. நம் குரூப் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மாத்திரை, மாதாந்தரப் பரிசோதனை எல்லாம் ஊழியரின் பாக்கெட்டிலிருந்து போகிறது. கண்டுபிடித்த முதல் வருடம் செலவு கூடத்தான் செய்யும். பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் தடுக்கப்படுவது 10, 15 வருடம் கழித்து. அதற்குள் அவர் மூன்று கம்பெனி மாறியிருப்பார்.

அதே நிதிப் பிரிவு: அப்போ மேலிடத்துக்கு எதைக் காட்டறது?

இரண்டு மாடி இருந்தால் குலுக்கிப் போட்டு ஒரு மாடியில் இப்போது, மற்றதில் 6 மாதம் கழித்துத் தொடங்குங்கள். சேர்ந்தவர்களை மட்டும் எண்ணாமல் அந்த மாடியில் இருக்கிற எல்லோரையும் எண்ணி ஒப்பிடுங்கள். பணக் கணக்கு வேண்டாம். அபாய மதிப்பெண் 60-ம் அதற்கு மேலும் வந்தவர்களில் எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்தார்கள், 6 மாதம் கழித்தும் மருந்தில் இருப்பவர் எத்தனை பேர் என்று காட்டுங்கள். இந்த எண்ணிக்கையையும் லேபோ மருத்துவரோ மொத்தமாகத் தரட்டும். பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள்.

மாரத்தஹள்ளி: ஸ்டெப் சேலஞ்சுக்குப் பரிசு என்ன கொடுக்கலாம்?

மேலே கோரமங்களாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெல்லந்தூர்: எடை குறைப்புப் போட்டி?

நடத்தாதீர்கள். பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல் எடை பார்க்க வருவார்கள். எல்லோர் முன்னாலும் எடை சொல்வதும் ரிப்போர்ட்டைப் பலகையில் ஒட்டுவதும் ஒன்றுதான்.

பொம்மனஹள்ளி, கார்மென்ட்ஸ் வெல்ஃபேர் ஆபீசர்: எங்க பெண்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருது. 'தண்ணி நிறைய குடிங்க'ன்னு வகுப்பு எடுத்தோம். பலன் இல்ல.

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தது தகும். அவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் டார்கெட் விழும், சூப்பர்வைசர் கத்துவார், அதனால் குடிப்பதில்லை. வகுப்பு எடுக்க வேண்டியது சூப்பர்வைசருக்கு. லைனுக்கு ஒரு ரிலீவர் போடுங்கள்: யார் எழுந்து போனாலும் அந்த மெஷினில் அவர் உட்காருவார். மணிக்கணக்கு டார்கெட்டில் அந்த நிமிடங்களை முதலிலேயே கழித்துவிடச் சொல்லி டார்கெட் போடும் ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள். கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்கும் முறை இருந்தால் எடுத்துவிடுங்கள். கழிப்பறையில் தண்ணீர், தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைத் தொட்டி மூன்றையும் ஷிஃப்டுக்கு இரண்டு தடவை பாருங்கள். பிறகு நீர்க்கடுப்புக்காக மருத்துவ அறைக்கு வருகிறவர்களை மாதாமாதம் எண்ணுங்கள், பெயர் வேண்டாம்.

கே.ஆர்.புரம்: அக்கா, பிஎஸ்சி நியூட்ரிஷன் முடிச்சிருக்கேன். இந்தத் துறைக்கு வர எதைப் படிக்கணும்?

பொதுச் சுகாதார முதுகலை, எம்பிஹெச், நல்ல வழி. உணவு ஆலோசனையிலேயே இருக்க விரும்பினால் இந்திய டயட்டெடிக் சங்கத்தின் ஆர்டி (பதிவு பெற்ற உணவு ஆலோசகர்) தேர்வு. எம்பிபிஎஸ் முடித்த நண்பர்கள் இருந்தால் தொழிற்சாலை மருத்துவர்களுக்கான ஏஎஃப்ஐஹெச் என்ற 3 மாதப் படிப்பைச் சொல்லுங்கள். சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சான்றிதழ்களுக்கு இங்கே பணம் செலவழிக்க வேண்டாம்.

பட்டத்தைவிட வேலை வாங்கித் தருவது எக்ஸெல்லும் கன்னடமும், தொழிற்சாலை என்றால் இந்தியும்தான். நேர்முகத்துக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதி எடுத்துப் போம்மா: என்ன பிரச்சினை, எதை மாற்றுவேன், எதை எண்ணுவேன். ரிப்போர்ட் யார் கைக்குப் போகும் என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும்.

பெயர் வேண்டாம்: ஆபீஸ் கவுன்சிலரிடம் பேசினால் மேனேஜருக்குப் போகுமா?

போகக் கூடாது. பேசத் தொடங்கும் முன்பே அவரிடம் எதை, யாரிடம் சொல்வீர்கள் என்று கேளுங்கள். பதில் வழவழா என்றிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

ஜெயநகர்: எனக்குத் தைராய்டு, மாத்திரை மாத்தலாமா?

உங்கள் மருத்துவரிடம்.

சர்ஜாபூர் ரோடு: ஸ்டெப் போட்டியில செல்போனை ஆட்டி ஏமாத்தறாங்க, எப்படித் தடுக்கறது?

போட்டியை நிறுத்துங்கள். மூன்றாவது தடவை சொல்கிறேன்.

அதே நிதிப் பிரிவு: கடைசியா ஒண்ணு. காசே அதிகம் செலவாகாம நாளைக்கே எதை மாத்தலாம்?

டீ மெஷினை. அதில் போடுவது பால், சர்க்கரை எல்லாம் கலந்தே வரும் பொடி. வேண்டாம் என்றாலும் சர்க்கரை உள்ளே போகும். கப்புக்கு 2 டீஸ்பூன் என்றால் சுமார் 10 கிராம், நாளுக்கு 4 கப் என்றால் 40. உலகச் சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. சர்க்கரை சேர்க்காத பொடியைச் சப்ளையரிடம் கேளுங்கள், சர்க்கரையைத் தனி டப்பாவில், சின்ன ஸ்பூனோடு வையுங்கள். ஆர்டர் தாளிலேயே 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் பழைய பாக்கெட்டே வந்து இறங்கும்.